குடிபெயர்ந்தோரின் சிறு இன்பங்கள்: மாட்டுங்கா தரும் சான்று

ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குக் குடிபோனவர்களைப் பற்றி எழுதப்படும் சரித்திரங்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு திருப்தியடைந்து விடுகின்றன. எதனால் புறப்பட்டார்கள் என்பது ஒன்று. போன இடத்தில் என்ன சம்பாதித்தார்கள் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே, மூட்டை முடிச்சுகளை அவிழ்த்த நாள் தொடங்கி, அந்த இடத்தைத் தயக்கமின்றித் தம் ஊர் என்று சொல்லிக்கொள்ளும் நாள் வரைக்கும் நீளும் காலத்தில், அவர்கள் என்ன உண்டார்கள், எந்த வீதியில் உலாவினார்கள், மாலை வேளையை யாரோடு கழித்தார்கள், எதை வாங்கிவந்து வீட்டில் வைத்து மகிழ்ந்தார்கள் என்னும் விவரங்கள் அற்பமென்று ஒதுக்கப்படுகின்றன. உத்தியோகம் ஒருவனை ஓர் ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே அவன் மனத்தை ஊன்றச் செய்யும் சக்தி உத்தியோகத்துக்கு இல்லை. அந்தக் காரியத்தைச் செய்பவை நாள்தோறும் தவறாமல் திரும்பிவரும் சிறு இன்பங்களே என்பதும், அவ்வின்பங்கள் தனிமனிதனின் அதிர்ஷ்டத்தால் வாய்ப்பவை அல்ல, நகர அமைப்பும் சட்டமும் ரயிலும் கடைவீதியும் பலருடைய உழைப்பும் கூடி உண்டாக்குபவை என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

இதற்குச் சான்றாகப் பம்பாய் மாநகரின் மாட்டுங்காவை எடுத்துக்கொள்கிறேன். சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் தஞ்சை, திருநெல்வேலி, பாலக்காடு, கோயம்புத்தூர் முதலிய சீமைகளிலிருந்து ஜீவனம் தேடி வடக்கே சென்றவர்களில் ஆயிரக்கணக்கானோர் குடியேறிய இடம் அது. தமிழர்களின் உள்நாட்டுக் குடிபெயர்வைப் பற்றி ஆராய விரும்புகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

பிளேக் நோய் வகுத்த வீதிகள்

1896ஆம் ஆண்டில் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியபோது, காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளில் மரணம் மலிந்தது. ஜனங்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டு ஓடினார்கள். ஆலைகளும் வாணிபமும் ஆட்டங்கண்டன. அந்த அச்சத்தின் விளைவாக 1898இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டு, பழைய நகரின் நெரிசலைக் கலைப்பதோடு நில்லாமல், தீவின் வடபாகத்தில் வயலும் தோப்பும் சதுப்புமாகக் கிடந்த தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளைக் கையகப்படுத்தி, மத்தியதர வகுப்பினருக்கு ஏற்ற புறநகராக்க முனைந்தது. வீதிகள் அகலமாக வகுக்கப்பட்டன; இருமருங்கும் மரங்கள் நடப்பட்டன; மனை முழுவதையும் கட்டடத்தால் நிரப்பலாகாது, கட்டடங்களும் வரம்பின்றி உயரலாகாது என்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஐந்து பூங்காக்களும் அவற்றைச் சுற்றிய பார்சி காலனியும், கிங்ஸ் சர்க்கிள் என்ற வட்டப்பூங்காவும் இந்தத் திட்டத்தின் பயன்களே. 1933இல் டிரஸ்டு மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட பின்பும், அது போட்ட வரைபடம் அப்படியே நின்றது. நோயைத் தடுக்கும் நோக்கத்தோடு விடப்பட்ட திறந்த வெளியே பிற்காலத்தில் குழந்தைகளின் விளையாட்டிடமாகவும், முதியோரின் மாலைச் சபையாகவும், கல்லூரி மாணவரின் படிப்பிடமாகவும் ஆயிற்று.

இதே காலத்தில் சென்னை மாகாணத்தின் பள்ளிகள் ஆங்கிலம் கற்ற இளைஞர்களைத் தம் மாகாணம் வேலை கொடுத்து மாளாத தொகையில் உற்பத்தி செய்துகொண்டிருந்தன. தட்டெழுத்திலும் சுருக்கெழுத்திலும் லோயர், ஹையர் பரீட்சைகளைத் தேறிய ஒருவனுக்குக் கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ கிட்டாத உத்தியோகம் பம்பாயின் ரயில்வே அலுவலகங்களிலும், வங்கிகளிலும், எண்ணெய்க் கம்பெனிகளிலும், இன்ஷூரன்ஸ் ஸ்தாபனங்களிலும் காத்திருந்தது. சென்னையிலிருந்து வந்த பாதையும் பம்பாயிலிருந்து வந்த பாதையும் 1871இல் ரெய்ச்சூரில் இணைந்துவிட்டபடியால், குண்டக்கல், ரெய்ச்சூர், சோலாப்பூர், புனா வழியாக வடமேற்கே செல்லும் பிரயாணம் சாமானியருக்கும் எட்டக்கூடியதாயிற்று. 1925 பிப்ரவரி 3ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பிரதான பாதைகளும் மின்மயமாயின. கோட்டைப் பகுதியில் வேலை, அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் வடக்கே மாட்டுங்காவில் வீடு என்று வாழ்க்கையை இரண்டாகப் பிரித்துக்கொள்ள இது வழி செய்தது.

அடுக்கு வீட்டுக்குள் ஓர் அக்கிரகாரம்

முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் தனியாளாக வந்த வாலிபர்கள். நாலைந்து பேர் கூடி ஓர் அறையை எடுத்து, ஒரு சமையற்காரரை அமர்த்தி, செலவைப் பங்கிட்டுக்கொண்டு 'மெஸ்' நடத்தினார்கள். அந்த வாழ்க்கையில் சௌகரியம் குறைவு, சகவாசம் அதிகம். ஊரிலிருந்து புதிதாக வருகிறவன் கையில் ஒரு விலாசச் சீட்டு இருந்தால் போதும். வேலை கிடைக்கும்வரை பாயும் சோறும் அங்கே உண்டு. வேலை நிலைத்துக் கலியாணமும் ஆனபின், மனைவியை அழைத்துவர வேண்டிய கட்டம் வந்தபோதுதான் வீடு என்ற பிரச்னை எழுந்தது.

மாட்டுங்காவில் கிடைத்த வீடு அவர்கள் பிறந்த வீட்டுக்கு எல்லா விதத்திலும் நேர்மாறானது. ஊரில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை, கிணறு என்று நீளமாக ஓடிய வீட்டில், கழிப்பிடம் கொல்லைக் கோடியில் இருந்தது. ஆசாரத்தின் ஒழுங்குகள் யாவும் அந்தத் தூரத்தை ஆதாரமாகக் கொண்டவை. இங்கேயோ, இரண்டு மூன்று அறைகளும், ஒரு சமையலறையும், பாத்திரம் துலக்க ஒரு மோரியும், கூரைக்கடியிலேயே கழிப்பறையும் அமைந்த அடுக்கு வீடு. பம்பாயின் புறநகர் வாழ்க்கையைப் பற்றி நிகில் ராவ் என்னும் சரித்திர ஆசிரியர் 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், ஆசாரத்தில் ஊறிய தென்னிந்தியக் குடும்பங்கள் இந்த நவீன அமைப்பை எவ்வாறு ஏற்றுப் பழகின என்பதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஊரில் தனித்தனி வகுப்பாக விலகியிருந்தவர்கள் ஒரே மாடிப்படியைப் பங்கிட்டுக்கொண்டு, கோயிலையும் கல்வி ஸ்தாபனத்தையும் சேர்ந்து நடத்தி, 'தென்னிந்தியர்' என்ற பரந்த அடையாளம் ஒன்றைப் படிப்படியாக ஏற்படுத்திக்கொண்டார்கள் என்பது அவர் எடுத்துக்காட்டும் முக்கியமான முடிவு. பம்பாய்க்காரர்களும் தமிழர், மலையாளி, கன்னடியர், தெலுங்கர் அனைவரையும் 'மதராஸி' என்ற ஒரே பெயரால் அழைத்து இந்தக் கலப்புக்குத் துணைசெய்தார்கள்.

வீடு சிறுத்துவிட்டதால் வாழ்க்கையின் சந்தோஷங்கள் சிறுத்துவிடவில்லை. அவை இடம் மாறிக்கொண்டன. திண்ணையின் வேலையைப் பால்கனி ஏற்றது. வாசலுக்கு இட்ட கோலம் மாடிப்படியின் முகப்பில், கதவுக்கு முன்னுள்ள நாலு சாண் சிமெண்டுத் தரையில் சுருங்கி விழுந்தது. ஆனால் எதிர்வீட்டு மலையாளப் பெண்மணியும் பக்கத்து வீட்டுக் கொங்கணிப் பெண்மணியும் நின்று பார்த்துப் போகும் சபையும் அதற்குக் கிடைத்தது. வடாமும் அப்பளமும் மொட்டை மாடிக்கு ஏறின. தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தின் முற்பாதியில் வந்து இறங்கிவிட்டால் செப்டம்பர் வரை வெயிலை நம்ப இயலாது. ஆகையால் சித்திரை, வைகாசி வெயிலிலேயே ஆண்டு முழுமைக்குமான வடாம், வற்றல்களை உலர்த்தி டின்களில் அடைத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும் தேசத்திலிருந்து வந்த பெண்கள், தாயார் சொல்லிக்கொடுத்த பஞ்சாங்கத்தை இந்தப் புதிய வானத்துக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்கள். காவிரியிலும் தாமிரபரணியிலும் முழுகிப் பழகியவர்களுக்கு, 1892இல் கட்டிமுடிக்கப்பட்ட தான்சா ஏரியின் நீர் குழாயில் வரும் நேரத்தை எதிர்பார்த்து விடியுமுன் எழுந்து அண்டாக்களை நிரப்புவது ஒரு நித்திய கர்மமாயிற்று. நீர் நிரம்பியபின், தெருவில் அரவம் எழுமுன் கிடைக்கும் அந்த அரைமணி அவகாசந்தான், பல குடும்பத் தலைவிகளுக்கு அன்றைய நாளில் தமக்கென்று வாய்த்த ஒரே ஓய்வு.

காப்பிக் கொட்டையும் எருமைப் பாலும்

ஊரிலிருந்து கொண்டுபோன இன்பங்களில் முதலிடம் காப்பிக்கே உரியது. பம்பாய் அடிப்படையில் தேநீர் நகரம். தெருமுனைதோறும் ஈரானியர் கடைகளில் பாலும் சர்க்கரையும் கலந்த தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும். அங்கே ஒரு டம்ளர் நல்ல காப்பியை உண்டாக்குவதற்கு ஓர் ஏற்பாடே தேவைப்பட்டது. அந்த ஏற்பாட்டின் மையம் காப்பிப் பொடிக் கடை. கடையை நெருங்குமுன்பே வறுபடும் கொட்டையின் வாசனை வந்து எதிர்கொள்ளும். பீபரி எத்தனை, பிளாண்டேஷன் எத்தனை என்று வாடிக்கைக்காரர் சொல்லும் விகிதத்தில் இரண்டு ரகக் கொட்டைகளையும் நிறுத்து, எந்திரத்தின் வாயில் கொட்டி, கண்முன் அரைத்து, சிக்கரி சேர்க்கலாமா கூடாதா, சேர்த்தால் எத்தனை பங்கு என்று கேட்டு, அரைத்த சூடு ஆறுமுன் பையில் போட்டுக் கட்டிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியான விகிதம் உண்டு. நெடுநாள் வாடிக்கையானால் கடைக்காரருக்கு அது மனப்பாடம். தன் பெயரைச் சொல்லாமலே தனக்கு வேண்டியதை அறிந்து கொடுக்கும் மனிதன் ஒருவன் ஒரு பெருநகரத்தில் இருக்கிறான் என்பது, வந்து குடியேறியவனுக்கு எத்தகைய ஆறுதல் என்பதை அநுபவித்தவர்களே அறிவார்கள்.

பொடி கிடைத்தாலும் பால் வேறாக இருந்தது. ஊரில் பசும்பால், பம்பாயில் பெருவழக்கு எருமைப்பால். நகரத்தின் நடுவிலேயே கொட்டில்களில் அடைபட்டிருந்த எருமைகளால் சுகாதாரம் கெடுவதையும், பாலில் நீர் கலக்கும் மோசடியையும் தடுக்க எண்ணிய பம்பாய் அரசாங்கம், 1949இல் நகரின் வடபுறத்தில் ஆரே பால் காலனியைத் தோற்றுவித்தது. அதன் பின்னணியில் உழைத்த தாரா குரோடி, கொழுப்பு மிகுந்த எருமைப்பாலில் கொழுப்பு நீக்கிய பால்பொடியையும் நீரையும் கலந்து, கொழுப்பைக் குறைத்து அளவைப் பெருக்கும் 'டோண்டு' பாலை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர். விடியற்காலையில் பால் நிலையத்தின் முன் அட்டையோடு வரிசையில் நிற்பதும், கண்ணாடிப் புட்டிகளின் கலகலப்பும், அவ்வரிசையில் உண்டான சிநேகங்களும் பம்பாய் வாழ்க்கையின் பிரிக்க முடியாத அங்கங்களாயின. எருமைப் பாலுக்கேற்ப டிகாஷனை இன்னும் சற்றுக் கடுமையாக இறக்கக் கற்றுக்கொண்டார்கள். அதே பாலில் உறைந்த தயிர் கத்தியால் அறுக்கும்படி கெட்டியாக இருந்ததும், பிற்காலத்தில் விடுமுறைக்கு ஊர் சென்றபோது பிறந்த வீட்டுத் தயிர் நீர்த்திருப்பதாகக் குழந்தைகள் குறைப்பட்டதும், நாக்கு குடிமாறிவிட்டதற்கு அறிகுறிகள்.

காப்பிக்கு அடுத்தபடி காய்கறியும் பூவும். மாட்டுங்காவின் கடைவீதியில் வாழைப்பூ, வாழைத்தண்டு, முருங்கைக்காய், சேனை, சேப்பங்கிழங்கு, கறிவேப்பிலை, வாழையிலைக் கட்டு ஆகிய யாவும் கிடைக்கும். பண்டாரகர் சாலையையொட்டிய பூக்கடைகளில் மல்லிகையும் கதம்பமும் முழத்தால் அளந்து கொடுக்கப்படுகின்றன. தென்னாட்டிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் அப்பால், வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு பெண் இலையில் சுற்றிய ஒரு முழம் பூவோடு வீடு திரும்புவது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஊரில் கடைக்குப் போவது ஆண்களின் வேலையாக இருந்த பல குடும்பங்களில், பம்பாய்க்கு வந்த பிறகே பெண்கள் தாமாகக் கையில் பையோடு கடைவீதிக்குச் சென்று, அரைகுறை மராத்தியில் பேரம் பேசி, தமக்குப் பிடித்ததைத் தாமே பொறுக்கி வாங்கினார்கள். ஆண்களுக்குப் புதிய ஊர் உத்தியோகம் கொடுத்தது. பெண்களுக்கு வீதியில் தன்னந்தனியே நடக்கும் உரிமையைக் கொடுத்தது. இரண்டில் எது பெரியது என்று தீர்ப்பது எளிதன்று.

இலைச் சாப்பாடும் சபா மேடையும்

குடும்பம் இல்லாதவர்களைப் போஷித்தவை உணவு விடுதிகள். 1937இல் ரூயியா கல்லூரியின் அருகே தோன்றிய மணீஸ் லஞ்ச் ஹோம், 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ், 1942இல் மாட்டுங்கா நிலையத்தை அடுத்து ஏ. ராம நாயக் ஆரம்பித்த உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் ஆகியவை அவற்றுள் இன்றும் பேர்பெற்றவை. யுத்த காலத்தில், அரிசி பங்கீட்டுக்குள் வந்து, ஒவ்வொரு குடும்பமும் அளந்து உண்ட நாட்களில், குறைந்த விலையில் வயிறாரச் சோறிட்ட இடங்கள் இவை போன்ற விடுதிகளே. இலை போட்டு, ரசமும் கூட்டும் பொரியலும் மோரும் பரிமாறி, வேண்டுமா என்று இரண்டாம் முறை கேட்கும் ஒரு குரலுக்காகவே அங்கே போனவர்கள் பலர். இவ்விடுதிகளை நடத்தியவர்களில் பெரும்பாலோர் தென்கன்னடச் சீமையினரும் பாலக்காட்டாரும் என்பது கவனிக்கத்தக்கது. தஞ்சாவூர்க்காரனின் வீட்டு ஏக்கத்தைத் தீர்த்து வைத்தவர் கார்க்களத்துக் கிராமத்துக்காரர். குடிபெயர்ந்தவன் ஏங்கிய ருசியை இன்னொரு குடிபெயர்ந்தவனே சமைத்துக் கொடுத்தான்.

வயிற்றுக்குப் பிறகு கல்வியையும் கலையையும் தேடினார்கள். எம். வி. வெங்கடேசுவரனின் முயற்சியால் 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், ஒரு பள்ளியில் தொடங்கி, 1960இல் சயானில் கல்லூரி காணுமளவுக்கு வளர்ந்தது. 1952இல் நிறுவப்பட்ட ஸ்ரீ ஷண்முகானந்த நுண்கலை, சங்கீத சபா, 1963இல் கிங்ஸ் சர்க்கிளின் அருகே கட்டிய அரங்கம் ஏறக்குறைய மூவாயிரம் பேர் அமரத்தக்கது. 1990இல் தீவிபத்து அதை நாசமாக்கியபோது சபையினர் மனந்தளரவில்லை. 1998இல் அதே இடத்தில் அரங்கம் மீண்டும் எழுந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சந்தா கட்டிய குமாஸ்தாக்கள் கர்நாடக சங்கீதத்தின் பெரும் வித்துவான்களைத் தங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கேட்டார்கள். சங்கீதம் நாடாதவர்களுக்கு அரோரா தியேட்டர் இருந்தது. நெடுங்காலம் தமிழ்ப் படங்கள் அங்கே திரையிடப்பட்டன. ரயில் பார்சலில் வாராவாரம் வந்திறங்கும் ஆனந்த விகடனையும் கல்கியையும் வாங்கக் கடையில் காத்திருப்பதும், தொடர்கதையின் அடுத்த அத்தியாயத்தை மாடிப்படியில் ஏறும்போதே படித்துவிடுவதும், ஒரு பிரதி நாலு வீடு சுற்றி அட்டை கிழிந்து திரும்புவதும் அந்நாளைய மகிழ்ச்சிகள்.

புதிய ஊர் கற்றுக்கொடுத்தவை

இதுவரை சொன்னவை பிறந்த ஊரைப் புதிய இடத்தில் மறுபடியும் நிர்மாணிக்கும் முயற்சியில் பிறந்த இன்பங்கள். இவை மாத்திரம் இருந்திருப்பின் மாட்டுங்கா ஒரு தங்கல் முகாமாகவே நின்றிருக்கும். ஊரில் இல்லாத, பம்பாய் மாத்திரமே கொடுக்கக்கூடிய இன்பங்களையும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

அவற்றுள் முதலாவது மின்சார ரயில். காலையில் குறிப்பிட்ட ஒரு வண்டி, குறிப்பிட்ட ஒரு பெட்டி, அதே முகங்கள் என்று ஏற்பட்ட பழக்கத்தில், வேறெங்கும் சந்தித்திராத மராத்தியரும் குஜராத்தியரும் சிந்தியரும் சிநேகிதராயினர். சீட்டாடுகிறவர்கள் ஒருபுறம், தாளம் தட்டிப் பஜனை பாடுகிறவர்கள் ஒருபுறமென ஒரு பெட்டியே ஒரு மன்றமாக மாறும். பெண்களின் பெட்டியில் மாலைச் சமையலுக்கான காயை மடியிலேயே ஆய்ந்துகொண்டு, அடுத்த இருக்கைக்காரியிடம் அவளுடைய ஊர்ச் சமையலைக் கேட்டறிவார்கள். ஒரு குஜராத்திக் கடியும் ஒரு மராத்தி உசலும் இப்படித்தான் மாட்டுங்காவின் தென்னிந்தியச் சமையலறைகளுக்குள் நுழைந்தன.

இரண்டாவது, விழா. திலகரின் முயற்சியால் 1893 முதல் பொதுவிழாவாகப் பரவிய கணபதி உத்ஸவம், ஊரில் பிள்ளையார் சதுர்த்தியை வீட்டுக்குள் ஒரு வேளைப் பூஜையாக முடித்துப் பழகியவர்களை வீதிக்கு இழுத்தது. கொழுக்கட்டை தமிழர் வீட்டிலிருந்து மராத்தியர் வீட்டுக்கும், மோதகம் அங்கிருந்து இங்கும் சென்றன. நவராத்திரி மாலைகளில் கொலு பார்க்க வந்த பார்சி, குஜராத்திக் குழந்தைகள் சுண்டலுக்கு உரிமையோடு கை நீட்டினார்கள்.

மூன்றாவது, காலாற நடத்தல். ஐந்து பூங்காக்களைச் சுற்றிய மரநிழல் வீதிகளில் மாலையில் உலாவுவது செலவில்லாத சுகம். காரியமில்லாமல் நடக்கும் பழக்கம் கிராமத்தில் பிறந்தவனுக்குப் புதிது. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் முழங்காலளவு தண்ணீர் தேங்கி வண்டிகள் நின்றுவிட்டால், அவரவரும் வேட்டியையும் கால்சட்டையையும் மடித்துக்கட்டி ஒருவர் கையை ஒருவர் பற்றிக் கடந்தார்கள். கஷ்டந்தான், எனினும் அந்தக் கஷ்டத்தில் கை கொடுத்தவன் யார், எந்த ஜாதி, எந்த பாஷை என்று எவரும் விசாரிக்கவில்லை.

இன்பத்தின் அடியில் இருந்த உழைப்பு

மாட்டுங்காவின் சௌக்கியத்தை மட்டும் வருணித்து முடிப்பது நியாயமாகாது. நடந்துபோகும் தூரத்திலேயே தாராவி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்த தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அங்கு குடியேறினார்கள். தாராவித் தமிழர்கள் 1913இலேயே ஒரு கணேசர் கோயிலை எழுப்பிவிட்டார்கள். அவர்களும் மாட்டுங்காக்காரர்களைப் போலவே ஊரை விட்டு வந்தவர்கள். அதே ரயிலில் பிரயாணம் செய்தவர்கள். அதே மழையில் நனைந்தவர்கள். ஆனால் அகன்ற வீதியும், உள்ளே கழிப்பறையும், குழாய்த் தண்ணீரும், பூங்காவும் அவர்களை எட்டவில்லை. நகர அபிவிருத்தித் திட்டம் எவருக்காக வகுக்கப்பட்டது என்பதையும், ஜாதியும் கல்வியும் ஒரே பாஷையினரை எப்படி இரு கூறாக்கின என்பதையும் இந்தச் சிறு தூரமே காட்டிவிடுகிறது.

அவ்விரு உலகங்களும் சந்திக்கும் ஓர் இடம் உண்டு. விடியுமுன் எழுந்து, தாராவியின் குறுகிய சந்துகளுக்குள் பெரிய பாத்திரங்களில் இட்லியை அவித்து இறக்கி, வடையும் சட்னியும் சாம்பாரும் தூக்குகளில் நிரப்பி, சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கியபடி தெருத்தெருவாகச் செல்லும் இட்லிக்காரர் அங்கேயிருந்து கிளம்புகிறார். பம்பாயின் எத்தனையோ வீடுகளில் காலைப்பலகாரம் அவர் கொடுப்பது. அலுவலகத்துக்கு ஓடும் ஒரு மராத்திக் குமாஸ்தா பாதையோரத்தில் நின்றபடி இரண்டு இட்லி தின்று கைகழுவிப் போகும்போது, தமிழனின் காலையுணவு அந்த நகரத்தின் காலையுணவாகவே மாறிவிட்டதைக் காண்கிறோம். அந்த மாற்றத்தைச் செய்தவர் சபா மேடையில் அமர்ந்தவர் அல்லர். மூன்று மணிக்கு அடுப்பு மூட்டியவர்.

கசப்பும் இருந்தது. 1966 ஜூன் 19ஆம் தேதி சிவசேனை தோன்றியபோது, உத்தியோகங்களைத் தென்னிந்தியர் பறித்துக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டே அதன் முதல் ஆயுதம். உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. தென்னிந்தியர் அச்சத்தோடு வாழ்ந்த காலம் ஒன்று உண்டு. ஆயினும் பெரும்பாலோர் ஊரைக் காலி செய்யவில்லை. வேலையை உத்தேசித்து மட்டும் தங்கினார்கள் என்று இதை விளக்கிவிட முடியாது. எதிர்வீட்டு மராத்தியக் குடும்பத்தோடு இருபது, முப்பது ஆண்டுகள் பலகாரமும் சாவியும் குழந்தைகளும் கைமாறிய பழக்கம், மேடைப் பேச்சைவிட உறுதியானதாக நின்றது.

முடிவுரை

மாட்டுங்காவின் பழைய குடும்பங்கள் அவ்வளவு காலம் ஒரே வீட்டில் நிலைத்திருந்ததற்கு ஒரு சட்டமும் காரணம். 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940ஆம் ஆண்டின் அளவில் நிறுத்திவைத்தது. அதனால் கட்டடங்கள் பழுதுபார்க்கப்படாமல் நலிந்தன என்பதும், பகடி என்னும் முன்பணப் பழக்கம் பரவியது என்பதும் உண்மை. சாமானிய உத்தியோகஸ்தன் தன் வீதியை விட்டு விரட்டப்படாமல் மூன்று தலைமுறை வாழ்ந்தான் என்பதும் உண்மை. பின்வந்த தலைமுறை செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று வடக்கேயும் கிழக்கேயும் பரவிற்று. இன்றும் அவர்களில் பலர் காப்பிப் பொடிக்கும் பூவுக்கும் பண்டிகைச் சாமான்களுக்கும் ரயிலேறி மாட்டுங்காவுக்கு வருகிறார்கள்.

இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் தெளிவானது. குடிபெயர்ந்தவனின் மகிழ்ச்சியை அவனுடைய மனோதிடத்தின் பொறுப்பில் விட்டுவிடக் கூடாது. நடக்கும் தூரத்தில் கடைவீதி, நிழல் தரும் மரம், உட்காரப் பூங்கா, கையிலுள்ள காசுக்குக் கிடைக்கும் சாப்பாடு, வேலைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் ரயில், வெளியேற்றப்படுவோம் என்ற பயமில்லாத வீடு ஆகிய இவை இருந்த இடத்தில் சிறு இன்பங்கள் தாமாக முளைத்தன. இல்லாத இடத்தில் ஜனங்கள் அவற்றுக்காகப் பன்மடங்கு உழைக்க நேர்ந்தது. தமிழ்நாட்டிலும் சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் பழைய பேட்டைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டிருக்கின்றன. வீட்டின் சதுர அடியைக் கணக்கிட்டுச் சாவியைக் கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று அதிகாரிகள் எண்ணலாகாது. அங்கே விடியற்காலையில் பால் எங்கே கிடைக்கும், மாலையில் ஒரு முழம் பூ எங்கே கிடைக்கும், முதியவர் எந்த மரத்தடியில் உட்காருவார், வேலைக்குப் போன பெண் எந்தப் பேருந்தில் பயமின்றித் திரும்புவாள் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டே எந்தக் குடும்பத்தையும் இடம் மாற்ற வேண்டும். நகரங்களை நிர்மாணிக்கிறவர்கள் இதைத் தங்கள் முதற்கடமையாகக் கொள்வார்களாக. புதிதாக நம் தெருவுக்குக் குடிவந்தவர்களுக்குக் கடைவீதிக்கு வழிகாட்டும் கடமையை நாமும் ஏற்போமாக.